ஷேல் எண்ணெய், ஷேல் வாயு: பாறையின் குணம் எப்படி முடிவு செய்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரி, புத்தூர், சத்தியவேடு, ஊத்துக்கோட்டை என்று ஆந்திர எல்லையின் இரு பக்கமும் இருக்கும் தமிழ் மாணவர்களும் விவசாயிகளும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நிலவியல் படித்தவன். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ரிக்குகளில், அதாவது எண்ணெய்க் கிணறு துளைக்கும் மேடைகளில், கிணற்றிலிருந்து மேலே வரும் பாறைத் துகள்களைப் பார்த்து எழுதும் வேலை செய்தவன். "நம்ம மண்ணுக்கு அடியில் இத்தனை லட்சம் கோடி வாயு" என்று செய்தி வரும்போதெல்லாம், அந்தப் பாறை எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதற்காகத்தான் இது.

ஷேல் என்பது என்ன பாறை? நம் வீட்டுக் கடப்பா கல்தானா?

இல்லை. ஷேல் என்பது மிக நுண்ணிய களிமண்ணும் வண்டலும் அமைதியான நீரின் அடியில் படிந்து, மேலே சேர்ந்த மண்ணின் பாரத்தில் இறுகி உருவான பாறை. ஏடு ஏடாகப் பிரியும். நகத்தால் கீறினால் சில வகைகள் பொடியாக உதிரும்.

கடப்பா கல்லும் பலகை பலகையாகப் பிரிவதால் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் நாம் போடும் அந்தக் கறுப்புக் கல் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்ட மேடையைப் பாருங்கள். பளபளப்பு போய், வெளுத்த தழும்பு ஒன்று நிற்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. களிமண் மிகுந்த ஷேலில் அந்தத் தழும்பு விழாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கீழே இது பெரிய விஷயமாகும்.

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்கிறதா?

எங்கும் இல்லை. எல்லா எண்ணெயும் வாயுவும் பாறைக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளிலும் வெடிப்புகளிலும்தான் இருக்கின்றன.

அப்படியானால் வழக்கமான எண்ணெய்க் கிணற்றுக்கும் ஷேல் கிணற்றுக்கும் என்ன வேறுபாடு?

வழக்கமான வயலில் மூன்று பாறைகள் தேவை. எண்ணெய் உண்டாகும் தாய்ப்பாறை ஒன்று. அது கசிந்து ஏறி வந்து தங்கும் மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ ஒன்று, இதைத்தான் ரிசர்வாயர் என்கிறோம். அதற்கு மேல் மூடியாக நிற்கும் இறுக்கமான பாறை ஒன்று. கிணறு நடுப்பாறையில் இறங்கும்.

ஷேலில் இந்த மூன்றும் ஒன்றே. எண்ணெய் பிறந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. வெளியேற முடியாத அளவுக்குப் பாறை இறுக்கமாக இருந்ததால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது. ஷேல் தொழிலின் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது: கோடிக்கணக்கான ஆண்டுகள் எதை வெளியே விடவில்லையோ, அந்தப் பாறையிடமிருந்தே அதை வாங்கியாக வேண்டும்.

எல்லா ஷேலிலும் வாயு இருக்குமா?

இருக்காது. இரண்டு விஷயங்கள் பார்க்க வேண்டும்.

முதலாவது, பாறைக்குள் எவ்வளவு கரிமப் பொருள் இருக்கிறது என்பது. பாசியும் நுண்ணுயிர்களும் இலைதழைகளும் சேற்றோடு புதைந்து மட்காமல் மிஞ்சியது இது. மொத்தக் கரிமம் எடையில் குறைந்தது 2 சதவீதமாவது இருந்தால்தான் பொதுவாகத் தொழில்துறை கவனிக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து பார்னெட் ஷேலில் 4, 5 சதவீதம் சாதாரணம். கரிமத்தின் வகையும் முக்கியம். பாசியிலிருந்து வந்தது எண்ணெய் தரும். மரம், இலைகளிலிருந்து வந்தது பெரும்பாலும் வாயு தரும்.

இரண்டாவது, அது எவ்வளவு வெந்திருக்கிறது என்பது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். சுமார் 60 முதல் 120 டிகிரி வரை நீண்ட காலம் இருந்தால் கரிமத்திலிருந்து எண்ணெய் பிரியும். அதற்கு மேல் போனால் எண்ணெயே உடைந்து வாயுவாகும். இன்னும் மேலே போனால் எல்லாம் வெளியேறி, கடைசியில் கரித்தூள் மட்டும் மிஞ்சும்.

இந்த வேக்காட்டை அளக்க, பாறைக்குள் இருக்கும் மரத்துணுக்குகளின் மீது ஒளி பாய்ச்சி எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். விட்ரினைட் பிரதிபலிப்பு என்று பெயர். ஏறக்குறைய 0.7 முதல் 1 சதவீதம் என்றால் எண்ணெய், 1 முதல் 1.3 வரை ஈரவாயு (திரவமாகக்கூடிய ஆவிகள் கலந்தது), அதற்கு மேல் உலர்வாயு (பெரும்பாலும் மீத்தேன் மட்டும்). ஒரே ஷேல் அடுக்கு ஓரிடத்தில் ஆழம் குறைந்து எண்ணெயும், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆழத்தில் வாயுவும் தரலாம். டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு ஷேலில் இது பட்டை பட்டையாக வரைபடத்திலேயே தெரியும். "இந்த ஷேலில் வாயு உண்டா?" என்று கேட்பதைவிட "இந்த ஷேலின் எந்தப் பகுதியில்?" என்று கேட்பதுதான் சரி.

போராசிட்டி, பெர்மியபிலிட்டி என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

போராசிட்டி என்பது பாறையில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்பது. பெர்மியபிலிட்டி என்பது அந்தக் காலி இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளிருப்பது ஓடி வர வழி விடுகிறதா என்பது. இடம் இருக்கலாம், வழி இல்லாமல் போகலாம்.

இதை நம் பக்கத்துப் போர்வெல்லை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். புத்தூர் பக்கம் திருச்செங்கோட்டு வண்டியைக் கொண்டுவந்து 800 அடி போர் போடுகிறோம். 600 அடி வரை வெள்ளைத் தூசிதான் பறக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் தூசி நின்று, சேறு பீறிட்டு, பிறகு தண்ணீர் கொட்டுகிறது. பிட் ஒரு வெடிப்பைத் தொட்டுவிட்டது. கருங்கல் தண்ணீர் தரவில்லை, கல்லில் இருந்த வெடிப்புதான் தந்தது. பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் 800 அடியும் புகையாகவே போயிருக்கும். ஷேலிலும் அப்படித்தான். பாறைக்குள் வாயு இருந்தாலும், கிணறு வரை வருவதற்கு வெடிப்பு வேண்டும். போர்வெல்லில் வெடிப்பு தானாகக் கிடைக்கிறது. ஷேலில் பெரும்பாலும் நாம்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அளவுகள். ஊடுருவலை, அதாவது பெர்மியபிலிட்டியை, அளக்கும் அலகு டார்சி. பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர் வேலையில் ஈடுபட்டிருந்த பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் மணல் வழியாக நீர் ஓடும் விதியை எழுதினார், அவர் பெயர்தான் அலகானது. நல்ல மணற்கல் ரிசர்வாயரில் ஊடுருவல் பத்து முதல் பல நூறு மில்லிடார்சி வரை இருக்கும். ஷேலில் அது நானோடார்சியில். ஒரு மில்லிடார்சிக்குப் பத்து லட்சம் நானோடார்சி. ஷேலின் போராசிட்டியும் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான், ஆனால் உண்மையான தடை அதுவல்ல. துளைகளின் குறுக்களவு நானோமீட்டர் கணக்கில் இருப்பதுதான் தடை. ஒரு மீத்தேன் மூலக்கூறின் அகலமே ஏறக்குறைய 0.4 நானோமீட்டர். ஐந்து, பத்து நானோமீட்டர் துளையில் அது சுவரில் மோதி மோதித்தான் நகரும்.

இன்னொன்றும் உண்டு. வாயு தரும் பல ஷேல்களில் துளைகளின் பெரும்பகுதி களிமண் துகள்களுக்கு இடையில் இல்லை, கரிமப் பொருளுக்கு உள்ளேயே இருக்கிறது. கரிமம் வெந்து வாயு வெளிவரும்போது அதற்குள் குமிழ் குமிழாகத் துளைகள் உண்டாகின்றன. பாறைத் துண்டை அயனிக் கற்றையால் வழவழப்பாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான், 2009 வாக்கில் இது தெளிவாகத் தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். கரிமம் எரிபொருளையும் கொடுத்து, அதற்குத் தங்குமிடத்தையும் கொடுக்கிறது. அதனால் கரிமம் குறைந்த ஷேல் இரண்டு விதத்திலும் ஏழை.

களிமண் அதிகமாக இருந்தால் ஏன் கெடுதல் என்கிறார்கள்?

உடைய வேண்டிய பாறை உடையாமல் வளைந்து கொடுக்கும், அதுதான் காரணம்.

கிணற்றில் தண்ணீரை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். ஃப்ராக் என்பது இதுதான். பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க மணலையும் சேர்த்து அனுப்புவார்கள். பாறையில் குவார்ட்ஸோ (மணலில் இருக்கும் கடினமான கனிமம்) சுண்ணாம்போ நிறைய இருந்தால் அது நொறுங்கும் தன்மையோடு இருக்கும், கிளை கிளையாக வெடிக்கும். மேலே சொன்ன எலுமிச்சைத் தழும்பு இங்கேதான் உதவுகிறது: ரிக்கில் துகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்பு இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். அந்த நுரையைப் பார்த்தால், இந்த அடுக்கு பிளக்க ஏற்றதாக இருக்கலாம் என்று குறித்து வைப்போம்.

களிமண் 40 சதவீதத்தைத் தாண்டினால் நிலைமை மாறும். பிளவு ஒன்றிரண்டாக மட்டும் போகும். உள்ளே அனுப்பிய மணல் மெத்தென்ற சுவரில் புதைந்துவிடும், பிளவு மூடிக்கொள்ளும். ஸ்மெக்டைட் வகைக் களிமண் என்றால் இன்னும் மோசம், தண்ணீர் பட்டால் ஊதும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அந்த வகை ஷேல் துண்டைப் போடுங்கள். முதலில் விளிம்பில் சிறு குமிழிகள் வரும், பிறகு ஏடுகள் விரியும், கொஞ்ச நேரத்தில் அடியில் சேறு மட்டும் இருக்கும். கிணற்றுச் சுவரே இப்படி ஆனால் துளைக்கும் குழாய் மாட்டிக்கொள்ளும். நன்றாக வெந்த ஷேலில் ஸ்மெக்டைட், இல்லைட் என்ற இன்னொரு களிமண் வகையாக மாறியிருக்கும், அது அவ்வளவு ஊதாது. வேக்காடு இங்கேயும் கணக்கில் வருகிறது.

இயற்கையாகவே வெடிப்புகள் இருந்தால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. சிறு வெடிப்புகள் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் அடைபட்டு இருந்தால், ஃப்ராக் செய்யும்போது அவை திறந்து வலைப்பின்னலாகும், நல்லது. ஆனால் பாறை முறிந்து நகர்ந்த பெரிய பிளவுத்தளம் ஒன்று பக்கத்தில் இருந்தால் செலுத்திய தண்ணீர் அதில் ஓடி வீணாகும், கீழேயோ மேலேயோ உள்ள உப்புநீர் அடுக்கைத் தொட்டுவிடும், அதிர்வையும் உண்டாக்கலாம். வாயுவும் எப்போதோ அந்த வழியாகவே வெளியேறியிருக்கக்கூடும்.

கிணற்றை ஏன் பக்கவாட்டில் திருப்புகிறார்கள்? எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஐம்பது மீட்டர் தடிமனுள்ள அடுக்கில் செங்குத்தாக இறங்கினால் ஐம்பது மீட்டர்தான் பாறையைத் தொடுவோம். படுக்கையாகத் திருப்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொடலாம்.

திசையைப் பாறைக்குள் இருக்கும் அழுத்தம் சொல்லும். நிலத்தின் மேலோடு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நெருக்கப்படவில்லை. எந்தப் பக்கம் நெருக்கம் குறைவோ அந்தப் பக்கமாகப் பிளவு வாய் திறக்கும், நெருக்கம் அதிகமான திசையில் நீளும். ஆகவே கிணற்றை நெருக்கம் குறைந்த திசையில் ஓட்டினால், ஒவ்வொரு பிளவும் கிணற்றுக்குக் குறுக்கே விரிந்து புதுப் பாறையைத் தொடும். திசை தவறினால் எல்லாப் பிளவும் கிணற்றை ஒட்டியே ஓடிவிடும், செலவு அத்தனையும் போச்சு.

ஆழம், தடிமன், அழுத்தம்: இவற்றுக்கு வரம்பு உண்டா?

பொதுவாக 1,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்துக்குள் பார்க்கிறார்கள். குறைந்தால் அழுத்தம் போதாது, கூடினால் செலவு கட்டாது. பாறைக்குள் வாயு இயல்பைவிட அதிக அழுத்தத்தில் அடைபட்டிருந்தால் அது பெரிய வரம், ஒவ்வொரு துளையிலும் அதிக வாயு திணிந்திருக்கும். லூசியானாவின் ஹேன்ஸ்வில் ஷேல் ஆழமும் சூடும் அதிகமாக இருந்தும் கிணறுகள் கொழிப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

எண்ணெய் எடுப்பது வாயுவைவிடக் கடினமா?

ஆமாம். எண்ணெய் மூலக்கூறு பெரியது, பிசுபிசுப்பும் அதிகம். ஷேலில் உள்ள வாயுவில் 20 முதல் 30 சதவீதம் வரை எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், எண்ணெயில் 3 முதல் 7 சதவீதம்தான்.

வட டகோட்டாவின் பாக்கன் நல்ல எடுத்துக்காட்டு. "பாக்கன் ஷேல் எண்ணெய்" என்று பெயர் வாங்கினாலும் கிணறுகள் முக்கியமாக ஓடுவது ஷேலுக்குள் இல்லை. மேலும் கீழும் கரிமம் நிறைந்த இரண்டு ஷேல் அடுக்குகள், நடுவே டோலமைட் (சுண்ணாம்பு வகைக் கனிமம்) கலந்த வண்டல்கல், மணற்கல் அடுக்கு ஒன்று. ஷேலிலிருந்து பிழிந்து வந்த எண்ணெய் அந்த நடு அடுக்கில் இருக்கிறது, அதுதான் உடையவும் செய்கிறது. இப்படிப்பட்ட கூட்டு அமைப்பைத் தேடுவதுதான் ஷேல் எண்ணெயில் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

உற்பத்தி ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுகிறது?

முதலில் வருவது வெடிப்புகளிலும் அவற்றை ஒட்டிய துளைகளிலும் இருக்கும் வாயு, வேகமாக வந்துவிடும். பிறகு நானோடார்சி பாறைக்குள்ளிருந்து மெதுவாக நகர்ந்து வர வேண்டும். அதற்கும் பிறகு, கரிமத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயு, அழுத்தம் நன்றாகக் குறைந்த பிறகுதான் பிடியை விடும். அதனால் முதல் ஆண்டிலேயே 60, 70 சதவீதம் குறைவது சாதாரணம். அப்புறம் சிறு ஓட்டமாகப் பல ஆண்டுகள் வரும். மொத்த உற்பத்தியை நிலையாக வைத்திருக்க வேண்டுமென்றால் புதுக் கிணறுகள் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து கிணற்றோடு நிற்கும் தொழில் இல்லை இது. நிலம் நெருக்கமாகக் குடியிருக்கும் நம் பகுதிகளில் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் சாதித்ததை இங்கே அப்படியே செய்ய முடியாதா?

அமெரிக்காவிலேயே ஒரு ஷேலில் பலித்தது இன்னொன்றில் பலிக்கவில்லை. ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் பார்னெட்டில் முதல் கிணறு தோண்டியது 1981இல். பலவிதக் கலவைகளை முயன்று, பெரும்பாலும் தண்ணீரையே பயன்படுத்தும் முறை கைகூடியது 1997, 98 வாக்கில். ஒரே பாறையைப் படிக்க அத்தனை காலம்.

கலிபோர்னியாவின் மான்ட்ரே ஷேலில் 1,370 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மதிப்பிட்டிருந்தது. 2014இல் அதை 60 கோடியாகக் குறைத்தது. அங்கே அடுக்குகள் மடிந்தும் முறிந்தும் கிடப்பதால் நீளமான படுக்கைக் கிணறு ஓட்ட முடியவில்லை.

போலந்து இன்னும் வேதனையான கதை. 2011இல் 187 டிரில்லியன் கன அடி வாயு (ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி) என்று மதிப்பீடு வந்து நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டே அந்நாட்டு நிலவியல் நிறுவனம் பழைய கிணறுகளின் பாறை மாதிரிகளைப் பார்த்து, பெரும்பாலும் 12 முதல் 27 டிரில்லியனுக்குள்தான் இருக்கும் என்றது. அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2012இல் வெளியேறியது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னர் போயின. களிமண் அதிகம், ஆழம் அதிகம், ஓட்டம் குறைவு.

மாறாகச் சீனாவின் ஃபூலிங் வயல் வென்றது. அங்குள்ள லோங்மாக்சி ஷேலின் அடிப்பகுதியில் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அந்தப் பொருள், நிறைய இருக்கிறது. பழங்கடலின் நுண்ணுயிர்களின் ஓடுகளிலிருந்து வந்த சிலிக்கா அது. கரிமமும் சேர்ந்தே படிந்ததால், கரிமம் நிறைந்த அடுக்கே நன்றாக உடையும் அடுக்காகவும் அமைந்தது. இந்தப் பொருத்தம் எல்லா இடத்திலும் கிடைக்காது.

இந்தியாவின் நிலை என்ன?

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் துர்காபூர் அருகே இச்சாபூரில் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. தோண்டிய சோதனைக் கிணற்றில் ஷேல் வாயு வந்தது. 2013 அக்டோபரில் ஓ.என்.ஜி.சி.க்கும் ஆயில் இந்தியாவுக்கும் தங்கள் பழைய பகுதிகளில் ஷேல் தேட அனுமதி கிடைத்தது. 2016இல் வந்த கொள்கையில் எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் ஒரே உரிமம் என்றானது. காம்பே, கிருஷ்ணா–கோதாவரி, காவிரி, தாமோதர் படுகைகளில் கிணறுகள் தோண்டி மாதிரிகள் எடுத்தார்கள். வணிக உற்பத்தி என்ற நிலை வரவில்லை.

2013இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் இந்தியாவுக்குச் சொன்ன கணக்கு: பாறைக்குள் 584 டிரில்லியன் கன அடி, எடுக்கக் கூடியது 96. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க நில ஆய்வு மையம் காம்பே, கிருஷ்ணா–கோதாவரி, காவிரி ஆகிய மூன்று படுகைகளில் எடுக்கக் கூடியது என்று சொன்னது 6.1 டிரில்லியன் மட்டுமே. முறையும் பரப்பும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குப் பாறையின் குணங்கள் சரியாக அளக்கப்படாததே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கோதாவரிப் பக்கம் கரிமம் உள்ள ஷேல்கள் இருக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்து ராகவபுரம் ஷேல் அந்தப் படுகையின் முக்கியமான தாய்ப்பாறை. அதற்கும் கீழே இன்னும் பழைய பெர்மியன் காலத்துக் கொம்முகூடம் அடுக்கு. ஆனால் ஆழத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், பிளவுத்தளங்களால் படுகை துண்டு துண்டாகக் கிடக்கிறது, களிமண்ணும் தாராளம். காவிரிப் படுகையில் ஆண்டிமடம், சட்டப்பாடி அடுக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கேயும் சிறு சிறு பள்ளங்களாகப் பிரிந்த அமைப்புதான்.

எங்கள் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் ஷேல் வாயு கிடைக்குமா?

அடிக்கடி வரும் கேள்வி, சொல்லப்போனால் கொஞ்சம் பயத்தோடு வரும் கேள்வி. இரண்டு பகுதியாகப் பார்க்கலாம்.

நகரி மலையின் உச்சியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகிக் கடினமான பாறை. கருங்கல் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கடப்பைப் பாறைத்தொகுதி அது. இந்தத் தொகுதியில் வடக்கே போகப் போக ஷேல்களும் உண்டு. பழமை என்பதால் மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் பீட்டலூ பகுதியில் ஏறக்குறைய 140 கோடி ஆண்டு பழைய வெல்கெரி ஷேலில் வாயு வந்திருக்கிறது. ஆனால் கடப்பைத் தொகுதியின் கிழக்குப் பகுதி மலை எழுச்சியில் நெருக்குண்டு மடிந்து, ஷேல் பலகைக்கல்லாகவே மாறிக் கிடக்கிறது. அந்த அளவு சூடும் நெருக்கமும் பட்ட பாறையில் வாயு தங்கியிருக்க வாய்ப்பு குறைவு. நகரி மலைக்கு அடியில் இருப்பதோ நேராகக் கருங்கல்.

சத்தியவேடு, ஊத்துக்கோட்டை பக்கம் கதை வேறு. அங்கே பாலாற்றுப் படுகையின் இளம் பாறைகள். ஸ்ரீபெரும்புதூர் அடுக்கில் ஷேலும் இருக்கிறது, பழைய தாவரங்களின் இலைப் பதிவுகளும் கிடைக்கின்றன. அதன் மேல் கூழாங்கற்கள் நிறைந்த சத்தியவேடு அடுக்கு. கரிமம் இருந்திருக்கலாம், வேக்காடுதான் இல்லை. நிலப்பகுதியில் சில நூறு மீட்டர் தடிமன்தான். 500 மீட்டர் ஆழம் என்றால் மேற்பரப்பு வெப்பத்தோடு ஒரு 15 டிகிரி கூடும், அவ்வளவுதான். எண்ணெய் பிரியும் சூடு அதற்கு எட்டாது. எனவே இந்தப் பக்கத்தில் ஷேல் வாயுவுக்காக யாரும் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போர்வெல் தண்ணீர் கெடுமா?

ஷேல் தோண்டும் இடங்களில் இது நியாயமான கவலை, தள்ளிப்பேசக் கூடாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பிளவு நேராக 300 அடிக் கிணற்றை எட்டுவது கடினம். நடுவே எத்தனையோ அடுக்குகள். கெடுதல் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது: கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயான கேசிங்கைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் சரியாகப் பிடிக்காமல் வாயு கசிவது, திரும்பி வரும் உப்புநீரை மேலே சரியாகக் கையாளாதது. அந்த உப்புநீரில் ஷேலிலிருந்து வந்த பேரியம், ஸ்ட்ரான்ஷியம், சில இடங்களில் ரேடியம் வரை இருக்கும். எல்லாம் பாறையின் வேதியியலைப் பொறுத்தது.

தண்ணீரின் அளவு இன்னொரு பக்கம். ஒரு படுக்கைக் கிணற்றை ஃப்ராக் செய்ய ஒன்றிரண்டு கோடி லிட்டர், நீளமான கிணறுகளுக்கு அதற்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கொண்டுவந்தால் கிணற்றுக்கு ஆயிரம் நடை. கோடையில் ஆரணியாறு வறண்டு மணலாகக் கிடப்பதைப் பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே உறைக்கும். களிமண் அதிகமான பாறை அந்தத் தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். திரும்பி வருவது பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் தடை என்கிறார்களே, ஆந்திராவிலும் உண்டா?

தமிழ்நாட்டில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரிப் பாசனப் பகுதியில் எண்ணெய், இயற்கை எரிவாயு, ஷேல் வாயு ஆகியவற்றுக்கான புதிய தேடலையும் தோண்டலையும் தடுக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் வந்தன. அது ஆந்திராவுக்குப் பொருந்தாது. திருவள்ளூர் மாவட்டமும் அந்த மண்டலத்தில் இல்லை.

ஒரு ஷேலின் குணங்களை எப்படி அளக்கிறார்கள்? இதற்கு என்ன படிக்க வேண்டும்?

முதலில் கிணற்றிலிருந்து உருளை உருளையாகப் பாறை எடுப்பார்கள், கோர் என்பார்கள். வெளியே வந்தவுடன் சில துண்டுகளைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, பாறை வெப்பத்திலேயே வைத்து, எவ்வளவு வாயு வெளிவருகிறது என்று நாள்கணக்கில் அளப்பார்கள். இந்த வேலையில் நேரம்தான் எல்லாம். டப்பா மூடத் தாமதமானால் அந்த வாயு கணக்கிலேயே வராது. பொடியாக்கிய பாறையைப் படிப்படியாகச் சூடாக்கி என்ன வெளிவருகிறது என்று பார்ப்பது கரிமத்துக்கும் வேக்காட்டுக்கும். எக்ஸ்ரே சோதனை களிமண், குவார்ட்ஸ் அளவுக்கு. இவற்றைக் கிணற்றுக்குள் இறக்கும் கருவிகளின் அளவீட்டோடு, அதாவது லாக்கோடு, பொருத்திப் பார்ப்பார்கள். கரிமம் மிகுந்த ஷேல் யுரேனியத்தைப் பிடித்து வைத்திருப்பதால் காமா கதிர் அளவீடு அந்த ஆழத்தில் எகிறும்.

படிக்க விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு: திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் இருக்கிறது. பெட்ரோலியப் பொறியியல் என்றால் தன்பாத் ஐ.ஐ.டி., காக்கிநாடா ஜே.என்.டி.யூ., விசாகப்பட்டினத்தில் 2016இல் தொடங்கிய பெட்ரோலிய, எரிசக்திக் கழகம். எதில் சேர்ந்தாலும் களிமண் கனிமவியலை ஒழுங்காகப் படியுங்கள். பையன்கள் பலர் சாஃப்ட்வேரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், ஆனால் இல்லைட்டுக்கும் ஸ்மெக்டைட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். விடுமுறையில் ஊத்துக்கோட்டை–சத்தியவேடு சாலையோரம் ஓடை அரித்த கரையில் நின்று, கையில் ஒரு லென்ஸோடு, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எது கரைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.